மேலிருந்து தெரியாத இடம்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை உண்டு. என்னுடையதில் இரண்டு தரம் மட்டும் மிதித்த பனிச்சறுக்குக் கட்டைகள், ஒஸ்லோவின் நாலு நாள் வெயிலுக்காக வாங்கிய மின்விசிறி, மூடி தொலைந்த ஒரு பெரிய குழம்புச் சட்டி எல்லாம் கிடக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, கரும்பச்சை நிறத்தில் ஒரு நீளப் பை. உள்ளே ஒரு கூடாரம். கழுவிக் காயவைத்துத்தான் கட்டிவைத்தேன். ஆனாலும் பையின் வாயைத் திறந்தால் இன்னும் சேறு மணக்கும். அது இங்கிலாந்துச் சேறு.

அந்தக் கூடாரத்தை வாங்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைப் பையன் நல்லவன். செம்மஞ்சள் நிறக் கூடாரம் ஒன்றை விரித்துக் காட்டி, மலையில் வழிதவறினாலும் மீட்புக்காரர்கள் வானத்திலிருந்து பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னான். அத்தான் சிரித்தபடியே அதை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டார். பிறகு கரும்பச்சையை எடுத்து, கடை விளக்கில் பார்த்தது போதாதென்று வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேலைக்கடையில் பெண்கள் நிறம் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அத்தானைப் பற்றிச் சிரிக்க எங்களிடம் நிறையக் கதைகள் இருந்தன. உணவகத்துக்குப் போனால் சுவரோரக் கதிரைதான் வேண்டும் என்பார். வீட்டு வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினால் அவற்றின் மூக்கு வெளியே பார்த்தபடி இருக்கும். நோர்வேக்கு வந்த புதிதில் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நல்ல வேலை, நல்ல வீடு, அன்பான அயலவர்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அக்காவோடும் கைக்குழந்தையோடும் ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் குடியேறினார். குளிர் தாங்காமல் ஓடி வந்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். குளிரை அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அந்த ஊரில் மரமே இல்லை என்றுதான் சொல்லுவார். மரம் இல்லாததற்காகவா ஒருவர் வேலையை விடுவார் என்று நாங்கள் கேலி பண்ணினோம். குரோருட்டில் அவர் எடுத்த வீட்டின் பின்பக்கம் முழுக்க ஊசியிலைக் காடு.

கூடாரக் கதைக்குச் சிரிக்காத அக்கா, நான் தேநீர் குடித்து முடியும் வரை பொறுத்திருந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள். "அவரின்ரை தங்கச்சி வெட்டையிலை நிண்டவள்." வெட்டை என்றால் எங்கள் பக்கத்தில் மரம் மறைப்பு இல்லாத திறந்த நிலம். திருகோணமலைப் பக்கத்தில் அவர்களுடைய கிராமத்துக்கு மேலே ஹெலிகொப்டர் வந்து சுட்ட காலத்தை அவள் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அத்தானுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தேன். அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

இங்கிலாந்துக்குப் போய்க் கூடாரம் அடிக்கும் யோசனை மருமகளுடையது, அதாவது அக்காவின் மகளுடையது. அவள் குரோருட்டில் வளர்ந்து, படித்து, கலியாணம் கட்டி லண்டன் பக்கம் போனவள். அவளுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கோடை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் எல்லாரும் சேர்ந்து போவோம் என்று தொலைபேசியில் கேட்டாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அகதி முகாமில் கிடந்தது காணாதென்று இப்போது விரும்பிப் போய்க் கிடக்கப் போகிறோமா என்று அக்கா முனகினாள். ஆனால் பேத்தியோடு ஒரு கிழமை என்றதும் அத்தான் உருகிப்போனார். நான் கலியாணம் கட்டாத தம்பி. சாமான் தூக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எந்த இடம் என்று முடிவெடுக்க அக்காவின் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தோம். மருமகள் திரையில் இருந்தாள். டெவன் பக்கத்துக் கடற்கரையில் ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சுத்தமான குளியலறை, குழந்தைக்கு ஊஞ்சல், போனவர்கள் எழுதிய புகழ்ச்சிகள். முக்கியமாக, மேட்டின் உச்சியில் பரந்த புல்வெளி, கூடாரத்தின் வாயைத் திறந்தால் நேரே கடல். படத்தைப் பார்த்து அக்காவுக்கே ஆசை வந்துவிட்டது. அத்தான் அந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னுடைய கைத்திரையை வாங்கி, செய்மதியிலிருந்து எடுத்த படத்தைப் போடச் சொன்னார். அதே இடத்தை மேலிருந்து பார்த்தார். மேட்டுப் புல்வெளியில் போன கோடையில் யாரோ அடித்த கூடாரங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெளிவாகத் தெரிந்தன. அவர் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, வெகுநேரம் தேடினார். கடைசியில் மேட்டின் அடிவாரத்தில், ஓடையை ஒட்டிய கருத்த மரக்கூட்டத்தில் விரலை வைத்தார்.

அங்கும் கூடாரம் அடிக்கலாமா என்று மகளிடம் கேட்டார். கீழேயும் இரண்டு மூன்று இடம் இருக்கிறது, ஆனால் அது இருட்டு, கடலும் தெரியாது, ஆரும் விரும்பி எடுக்கமாட்டார்கள் என்று அவள் சொன்னாள்.

"அதுதான் நல்ல இடம்," என்றார் அத்தான். "மேலையிருந்து பாத்தால் ஒண்டும் தெரியாது."

மருமகள் வாதாடிப் பார்த்தாள். தகப்பன் கோபித்துக் கத்துகிற ஆள் என்றால் வென்றிருப்பாள். அவர் கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. அந்த மரக்கூட்டத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். விருப்பத்தோடு ஒருவர் இடம் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இருக்கவில்லை. மகள் விட்டுக்கொடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த நாள் நல்ல வெயில். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வயதான வெள்ளைக்கார அம்மா, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து போட்டவர், எங்களைக் கீழே கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். உள்நாட்டு மலையில் மழை பெய்தால் இந்த ஓடை ஏறும், மேலே இன்னும் இடம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். அத்தான் அவருக்கு மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வந்தால் சத்தம் கேக்கும். மற்றது தலைக்கு மேலை வந்தாப் பிறகுதான் கேக்கும்."

மற்றது என்ன என்று மருமகள் கேட்கவில்லை. அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

கூடாரத்தை அடித்து முடித்ததும் அது இருப்பதே தெரியவில்லை. பாதையிலிருந்து பார்த்தால் மரம், நிழல், பிறகும் மரம். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பழைய வாய்க்கால், தண்ணீர் இல்லாமல், இடுப்பளவு ஆழத்தில், சருகு நிரம்பிக் கிடந்தது. மரங்களின் கீழ்க் கிளைகளில் காய்ந்த புல்லும் வைக்கோலும் என் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கின. குழந்தைகள் விளையாட்டுக்குக் கட்டியது என்று நான் நினைத்தேன். எல்லாக் கிளைகளிலும் ஒரே மட்டத்தில் வெள்ளம்தான் கட்டும் என்று அடுத்த நிமிடம் தோன்றியது. திரும்பினால் அத்தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வைக்கோலை விரலால் இழுத்தெடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். என்ன நினைத்தாரோ தெரியாது, அதன்பிறகு வாய்க்காலுக்குள் இறங்கி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார்.

அன்றைய பின்னேரம் அவரைப்போல சந்தோசமான மனிதரை நான் கண்டதில்லை. அக்கா குளியலறைக் கட்டடத்தில் மின்சாரம் எடுத்துச் சோறு காய்ச்சினாள். மீன்குழம்பு மணம் மேட்டுக்குப் போய், ஒரு வெள்ளைக்காரச் சோடி நாய்க்குட்டியோடு இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பேத்தி தாத்தாவின் மடியை விட்டு இறங்கவில்லை. அவள் அவரை அம்மப்பா என்பாள், ஒவ்வொரு தரமும் ஒரு எழுத்துக் குறையும். சருகைக் கூட்டி இருவரும் வாய்க்காலுக்குள் வீடு கட்டினார்கள். அங்கே எப்படிப் படுப்பது, எப்படிச் சத்தம் போடாமல் இருப்பது என்று அவர் சொல்லிக்கொடுக்க, அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு படுத்து எழும்பினாள். ஒளித்துப் பிடித்து விளையாட்டு என்றுதான் நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாளும் எங்கள் தலைக்கு மேலே வெயில்தான். ஆனால் உள்நாட்டுப் பக்கம் வானம் மை ஊற்றியதுபோலக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடையின் நிறம் தேநீர் நிறமாக மாறியது. கல்லுகளில் சலசலத்த சத்தம் நின்று, அதற்குக் கீழே வேறொரு சத்தம், அரைக்கிற சத்தம், வரத் தொடங்கியது. றப்பர்ச் சப்பாத்து அம்மா வேகமாக இறங்கி வந்து, இது இனிக் கேள்வி இல்லை, இப்போதே மேலே மாறுங்கள் என்றார். அத்தான் மறுப்புச் சொல்லவில்லை. தண்ணீர் அவர் சொன்னபடியே சத்தம் காட்டித்தானே வந்திருக்கிறது. நானும் மருமகளும் முதலில் படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினோம். அக்கா சட்டி பானை கழுவப் போயிருந்தாள். மருமகளின் கணவருக்கு வேலை, அவர் சனிக்கிழமைதான் வருவதாக இருந்தார். குழந்தை அம்மப்பாவோடு கூடாரத்தடியில் நின்றது.

மேட்டில் சாமானை இறக்கி வைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடலில் யாரோ காணாமல் போயிருக்கிறார்களாம், கரையோர மீட்பு ஹெலிகொப்டர். மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளைகள் கைகாட்டினார்கள். அது மிகவும் தாழப் பறந்து பள்ளத்துக்கு மேலே வளைந்து கடல் பக்கம் போனது. அடிவாரத்து மர உச்சிகள் எல்லாம் படிந்து எழும்பின. நான் கீழே பார்த்தேன். மரங்கள் விலகிய இடைவெளியில், கூடாரத்தின் முன்னால் குழந்தையின் சிவப்பு வாளி மட்டும் உருண்டுகொண்டு கிடந்தது. மருமகள் எனக்கு முன்னமே ஓடத் தொடங்கியிருந்தாள்.

கூடாரத்துக்குள் ஆள் இல்லை. ஓடைக்கரையில் ஆள் இல்லை. மருமகள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதில் இல்லை, சத்தம் போடாமல் இருக்க அது நன்றாகப் பழகியிருந்தது. எனக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. அது காய்ந்த வாய்க்காலாக இருந்தது நேற்று. இப்போது ஓடை கரையை உடைத்து அதற்குள் புகுந்துவிட்டிருந்தது. அத்தான் குப்புறக் கிடந்தார். முழங்கைகள் இரண்டையும் ஊன்றி, குழந்தையைத் தனக்குக் கீழே அடக்கி, அதன் காதுகளைத் தன் கைகளால் பொத்தியிருந்தார். தண்ணீர் அவர் முதுகைத் தடவிக்கொண்டு போனது. குழந்தையின் முகத்தை நீர்மட்டத்துக்கு மேலே பிடித்திருந்தார், அந்த மேலே என்பது ஒரு சாண்கூட இல்லை. நான் தோளைப் பிடித்து இழுத்தேன், மகள் அப்பா அப்பா என்று அறைந்தாள், அவர் கல்லாகக் கிடந்தார். குண்டு விழும்போது காது கிழியாமல் இருக்க ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் குழந்தையின் காதடியில் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அசையாதை குஞ்சு. வாயைத் திறந்து வைச்சிரு. போயிடும்."

அக்கா எப்படி வந்தாள் என்று தெரியாது. வெறுங்காலோடு, சேலை நனைய, தண்ணீருக்குள் அவர் பக்கத்தில் போய் இருந்தாள். அவரை இழுக்கவில்லை. முதுகில் கையை வைத்து, காதடியில் குனிந்து, "போட்டுது. எழும்புங்கோ," என்றாள். அது போகவில்லை. கடலுக்கு மேலே நின்று அப்போதும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் எழும்பினார். மருமகள் குழந்தையைப் பறித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். நாங்கள் மூவரும் கூடாரத்தைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஏறித் திரும்பிப் பார்த்தபோது வாய்க்கால் இருந்த இடத்தில் வாய்க்கால் இல்லை, பழுப்புத் தண்ணீர்தான் ஓடியது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. காரின் பின்னிருக்கையில் வைத்து உடுப்பைக் கழற்றி, தலை, கை, கால், முதுகு என்று மருமகள் எல்லா இடமும் தடவித் தடவிப் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. அத்தான் சொட்டச் சொட்ட வெளியே நின்றார். அக்கா துவாயைப் போர்த்திவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. மருமகள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். அழுகையை அடக்கிக்கொண்டு, தெளிவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, இனி இவளை உங்களோடை தனிய விடமாட்டன்."

"ஓம்," என்றார் அவர். "விடாதை."

மகள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள், தகப்பனும் காப்பாற்றினார். பிறகு அவர்கள் ஒஸ்லோவுக்கு வந்தபோதெல்லாம் அத்தான் பேத்தியோடு ஓர் அறைக்குள் தனியே இருக்க நேர்ந்தால் தானாக எழும்பி வெளியே வருவார். விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போங்கோ என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாலும், அம்மாவும் வரட்டும் குஞ்சு என்பார். மருமகளிலும் பிழை சொல்ல முடியாது. பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

என்னோடு தனியே இருக்கும்போது அத்தான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "அவளுக்கு ஞாபகம் இருக்குமோ?" மூன்று வயதில் நடந்தது ஆருக்கு ஞாபகம் இருக்கும், உங்களுக்கு இருக்கிறதா, எனக்கு இருக்கிறதா என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது அவருக்குக் கொஞ்ச நாளைக்குப் போதும். பிறகும் கேட்பார். போன மாரியில் இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளிடமே கேட்டுவிட்டார். அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்து, "அவள் எப்பவோ மறந்திட்டாள் அப்பா," என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அந்த ஆறுதலோடுதான் போனார் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இந்தக் கோடையில் மருமகள் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை என்று சொல்கிறேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தமிழ் விளங்கும், வாயில் வருவதெல்லாம் ஆங்கிலம். முறைப்படி நான் அவளுக்குத் தாத்தா, ஆனால் தாயைப் பார்த்து அவளும் என்னை மாமா என்றே கூப்பிடுகிறாள். இங்கிலாந்துக்குத் திரும்பியதும் கடற்கரைக்குப் போகப் போகிறார்களாம். மருமகள் இந்த முறை மேட்டில், வெளிச்சமான திறந்த இடத்தில் பதிந்து வைத்திருந்தாள். "அப்பான்ரை டெல்ட் இருக்குதோ மாமா?" என்று கேட்டாள். குரோருட்டில் வளர்ந்தவளுக்குக் கூடாரம் இன்றைக்கும் நோர்வே மொழியில் டெல்ட்தான். அவருடைய கூடாரத்தில் அவர் பேத்தி படுக்கட்டும் என்று நினைத்தாள்போல. அவளுக்கு அப்படித் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோசம்.

பையை நிலவறையிலிருந்து தூக்கி வந்து கட்டடத்துக்கு முன்னால் உள்ள புல்லில் விரித்தோம். நல்ல வெயில். பந்தடிக்கிற பிள்ளைகள், மரவாங்கில் இருக்கிற இரண்டு கிழவர்கள், மாடியில் யாரோ வறுக்கும் மிளகாய். சேற்று மணம் போகட்டும் என்று துணியை உதறிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகிற மீட்பு ஹெலிகொப்டர் பள்ளத்தாக்குக்கு மேலே வந்தது. இங்கே அது எந்த நாளும் போகும், நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பந்தடித்த பிள்ளைகளும் பார்க்கவில்லை. சத்தம் தலைக்கு மேலே வந்து தேய்ந்தபோது பார்த்தேன், பிள்ளையைக் காணவில்லை.

கூடாரத் துணியின் ஓரம் அசைந்தது. தூக்கிப் பார்த்தேன். குப்புறக் கிடந்தாள். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை நிலத்தில் படாமல் தூக்கி, விரல்களால் காதை அடைத்து, வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள். அழவில்லை, பயந்த முகமும் இல்லை. தெரு கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற பிள்ளையின் கவனம்தான் அந்த முகத்தில் இருந்தது. நான் மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். கூடார முளைகள் வைத்த பையைக் கையில் பிடித்தபடி அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவள் முதல்முறை பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தகப்பனுக்கு என்ன சொன்னாள் என்பதும் விளங்கியது.

பிள்ளை ஒரு காதிலிருந்து விரலை எடுத்து, பக்கத்தில் இருந்த புல்லைத் தட்டிக் காட்டினாள். பிறகு, லண்டனில் யாருமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"வாங்கோ மாமா. வெட்டையிலை நிக்காதேங்கோ."

நான் பச்சைத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் படுத்தேன்.